இரண்டாம் கண்

சாத்தப்பன் அனுப்பிய பட்டியல்
செங்கல் கணக்கு நோட்டின் மேல் கிடக்கிறது.
பதினோரு கொடி, பதினோரு பெயர்.
பாதிக்கு மேல் என் நாக்குக்கு அடங்கவில்லை.
இங்கிலாந்தின் தெற்கே ஏதோ ஒரு சரிவில்
ஆறு ஏக்கர் சுண்ணாம்பு மண் வாங்கியிருக்கிறான்.
பாதிப் பணம் இந்தக் காளவாசலில் வெந்தது.
அதனால்தான்,
"ஆச்சி, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

கல்லலில் இன்று நூற்றி நாலு டிகிரி.
சூளைப் புகை நேராக மேலே போகிறது,
எந்த அவசரமும் இல்லாமல்.
அங்கே இதே சித்திரையில் பனி உறையுமாம்,
ஒரு ராத்திரியில் துளிரெல்லாம் கருகுமாம்.
நெருப்பில்லாமல் கருகுவது எப்படி?
காரைக்குடி மீன்கடையில்
ஐஸ்பெட்டிக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தேன்.
"வஞ்சிரமா அம்மா?" என்றார் கடைக்காரர்.
இல்லை, திராட்சை என்றேன்.

கடன் கேட்டு வருகிறவர்களின் முகம் படிப்பது போலப்
பட்டியலைப் படித்தேன்.
ஷார்டனே:
முதல் வெயில் தொட்டதும் விழித்துவிடும்.
அடுத்த பனிக்கு அதுதான் முதல் பலி.
ரீஸ்லிங்:
நிதானமாய்க் கண் திறக்கும், நல்லது.
பழுப்பதிலும் அதே நிதானம்.
கல்யாணத்துக்குக் கடைசியாய் வந்து
இலை எடுத்த பிறகும் எழுந்திருக்காத ஆள்.
பினோ நுவார்:
பெரிய இடத்துப் பிள்ளை, மெல்லிய தோல்.
நாலு நாள் தூறினால் குலைக்குள் பூஞ்சணம்.
அதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.
"அதுக்குத்தான் பேரு, ஆச்சி."
பேரை அடுக்கி வைத்தால்
எத்தனை லோடு வரும் என்றேன்.

"தாமதமாய்த் துளிர்த்து, சீக்கிரம் பழுக்கிற கொடி?"
"அதைத்தான் எல்லாரும் தேடுறோம்."

முப்பது வருஷச் சராசரி எடுத்திருக்கிறானாம்.
சராசரிப்படி
போன சித்திரை பதினாறாம் தேதி
கல்லலில் மழை கிடையாது.
அன்றைக்குத்தான் நாற்பதாயிரம் பச்சைக் கல்
களத்தில் வரிசையாய் நின்றபடி கரைந்தன.
முதலில் மூலைகள் போயின,
பிறகு எங்கள் முத்திரை எழுத்து,
பிறகு எது கல், எது களம் என்றே தெரியவில்லை.
பஞ்சவர்ணம் சேலையைத் தூக்கிச் செருகி
அந்தச் சேற்றிலேயே இறங்கி மிதித்தாள்.
சுட்டது உடைந்தால் ஜல்லி.
சுடாதது கரைந்தால் இன்னும் மண்தான்.

இரண்டாம் தடவை அறுத்ததற்கு
அரைக்கூலி என்றேன்.
"மீதியை வானத்துக்கிட்டயா வாங்கணும்?" என்றாள்.
கொடுத்தேன். மூன்று நாள் கழித்து.

ஒன்பதாவது பெயர் சேய்வல்.
தமிழ் என்றே நினைத்துவிட்டேன்:
சேய், வல்லது.
பக்கத்தில் பொடி எழுத்தில் அவன் குறிப்பு:
ஒரு கண்ணுக்குள் ஒளிந்து இன்னொரு கண் உண்டு,
பனியில் முன்னது செத்தால் பின்னது துளிர்க்கும்.
பல கொடிகளில் அது வெறும் இலை விடும்.
இதில் காயும் வரும்.
கொஞ்சம் குறைவாக, கொஞ்சம் பிந்தி.
சந்தையில் பேர் இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
நாலு ஏக்கர் சேய்வல்.
ஒரு ஏக்கர் பினோ, அது உன் வீம்புக்கு.
மிச்சம் ஒரு ஏக்கர் சும்மா கிடக்கட்டும்,
தப்பைத் திருத்தவும் இடம் வேண்டும்.
"ருசி, ஆச்சி? ருசியைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"
நான் குடித்ததில்லை. அதை நீ பார்த்துக்கொள்.

அனுப்பிய செய்தி இன்னும் ஒற்றை டிக்கில் நிற்கிறது.
புகை கிழக்கே சாய்ந்துவிட்டது.
மேற்கே, மணிமுத்தாற்றுப் பக்கம்,
பஞ்சாங்கத்தில் இல்லாத ஒரு மின்னல்.
"படுதா! படுதாவ இழுங்க!"
சேவுகன் கத்திக்கொண்டே ஓடி வருகிறான்.
நீலப் படுதாவின் ஒரு முனை என் கையில்,
மறுமுனையில் பஞ்சவர்ணம்.
நடுவில் இருபத்தாறாயிரம் பச்சைக் கல்.

அவள் வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை.
என்னைப் பார்த்துக் கேட்டாள்,
"இந்தத் தடவையும் அரைக்கூலியா?"